கருப்பன் கை மாற்றிக் கொடுத்த கயிறு

அமாவாசைதோறும் நம் கருப்பன் கோயிலுக்கு வந்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டு போகிற எல்லாக் குடும்பங்களுக்கும் இதைச் சொல்கிறேன். கேட்டு முடித்தபிறகு என்னைத் திட்டினாலும் சரிதான். நான் செல்லம்மாள். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுக்காரி. என் வீட்டுக்காரர் சடையப்பன் நுரையீரல் கேன்சரில் போய்ச் சேர்ந்து ஒரு மிளகு பறிப்பு கடந்துவிட்டது. அவர் பிழைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழைத்த கதை என்று நினைத்து உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கடைசியில் ஏமாந்துபோனோம் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். ஆனாலும் கருப்பன் என் வேண்டுதலைக் கேட்டான். எப்படிக் கேட்டான் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அது தை மாதம். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி அவர் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். பாதி ஏணியில் அப்படியே நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. "முதுகு புடிச்சுக்கிச்சு புள்ள" என்றார். நான் கீழே நின்று சிரித்தேன், வயசாகிறது என்று கேலி பண்ணினேன். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். வெந்நீர் ஊற்றினோம். பிடிப்பு விடவில்லை. இருமல் அதற்கு முன்னாலேயே இருந்தது. பீடிக்காரர் இருமாமல் என்ன செய்வார் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாசி பிறப்பதற்குள் சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும்போது அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி, முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது என்று அந்த லேடி டாக்டர் சொன்னார். சின்ன வயசுப் பெண்தான். ஆனால் பூசி மெழுகாமல், எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அப்புறம் ஒரு நம்பிக்கையும் கொடுத்தார். முன்பெல்லாம் இந்தக் கேன்சர் வந்தால் எல்லோருக்கும் ஒரே மருந்துதானாம். இப்போது கட்டியின் சதையைத் தனியாக ஒரு பரிசோதனைக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள்ளே குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருந்தால், அந்த மாற்றத்தைக் குறி வைத்தே செய்த மாத்திரை இருக்கிறதாம். வீட்டிலிருந்தே விழுங்கலாம். சிலருக்கு அது வருஷக்கணக்கில் கட்டியை அடக்கி வைக்கிறதாம். அதே வார்டில் ராசிபுரம் பக்கத்து அம்மா ஒருவருக்கு அந்த மாற்றம் இருந்தது. ஸ்ட்ரெச்சரில் வந்தவராம். நாங்கள் பார்க்கும்போது தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நடந்து போனார். என் வீட்டுக்காரருக்கும் அதே மாதிரி இருக்கவேண்டும் கருப்பா என்று வேண்டிக்கொண்டு, ரிசல்ட் வரும்வரைக்கும் ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டேன்.

ரிசல்ட் வந்தது. இல்லை.

அந்த அம்மாவுக்கு இருந்தது, எங்களுக்கு இல்லை. எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று சொல்லி முடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்புகிற மருந்து என்று இன்னொன்றும் உண்டாம். அதற்கும் ஒரு பரிசோதனை செய்தார்கள், அதற்கும் அவர் கட்டி ஒத்துவரவில்லை. கடைசியில் பழைய வழிதான். பாட்டிலில் கீமோ ஏற்றினார்கள். முதுகுக்குக் கரண்டு வைத்தார்கள், ரேடியேஷன் என்கிறார்களே, அது. கரண்டு வைத்தபிறகு கொஞ்ச நாள் வலி குறைந்தது, மரவள்ளிக் காட்டைப் பார்க்கக்கூட ஒருமுறை நடந்து போய்வந்தார். ஆடி வருவதற்குள் இடுப்பெலும்பில் புதிதாகக் கிளம்பிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் கீமோவைத் தாங்க அவர் உடம்பில் தெம்பு இல்லை, ஏற்றினால் இருக்கிறதும் போய்விடும் என்றார்.

"மருந்தே இல்லைன்னு நினைச்சுக்காதீங்கம்மா. கட்டிக்குத்தான் இல்லை. வலிக்கு இருக்கு. நர்ஸ் உங்க வீட்டுக்கே வருவாங்க" என்றார்.

இந்த இடத்தில் பழைய விஷயம் ஒன்றைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கயிறு கட்டுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் எப்படிக் குடித்தார் என்று நம் ஊரில் கேட்டால் சொல்வார்கள். எங்கள் மகள் கோகிலா அப்போது சின்னப் பிள்ளை. ஒருநாள் அவராகவே அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். உங்களைப் போலத்தான் அவரும் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் யாரும் செய்யாத ஒன்றையும் செய்தார். பிள்ளை தலைமேல் கையை வைத்து, "இனிமே போதைங்கறது என்ற நாக்குல பட்டா, இவளை நீ எடுத்துக்க கருப்பா" என்று சொல்லிவிட்டார். பூசாரிக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் முறை. "ஏ மாப்ளே, புள்ளை தலையில எதுக்குடா கைய வெச்சே?" என்று சத்தம் போட்டார். சொன்னது சொன்னதுதான், அதற்கப்புறம் என்ன செய்ய முடியும்? கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டி அனுப்பினார். அன்றையிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை அந்த மனுஷன். இருமல் டானிக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்.

ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எப்படிச் சொல்வேன். மல்லாந்து படுக்க முடியாது. ஒருக்களித்தும் முடியாது. போர்வை உரசினால் அலறுவார். துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக் கடித்து அது நார் நாராகிவிட்டது. வலி உச்சத்துக்குப் போகும்போது ஆளே அடையாளம் தெரியாது அவருக்கு. கோகிலா தண்ணீர் கொண்டுபோனால் செம்பைத் தட்டிவிட்டு, குடித்த காலத்தில் என்னென்ன வார்த்தை சொல்வாரோ அத்தனையும் சொல்வார். அவள் பிளஸ் டூ படிக்கிறாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிளகுக்கொடிக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். நான் இரண்டு பேரையும் பார்ப்பேனா, அடுப்பைப் பார்ப்பேனா? செத்துப் போனால்கூடத் தேவலை என்று அவரைப் பற்றி நினைத்தேன். பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டவள்தான் நான். நினைத்தேன், வாய்விட்டே சொல்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் வந்தது அப்போதுதான். கீழ்நாட்டுக்காரர், இந்த மலைக்கு வேலைக்கு வந்தவர். ரோடு முடிகிற இடத்தில் வேனை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். என் வீட்டுக்காரரைத் தொட்டுப் பார்த்தார், எங்கெங்கே வலி, எப்படிப்பட்ட வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். மார்பின் என்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"இதுல போதை இருக்குதுங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றைக் காட்டிச் சத்தியத்தைச் சொன்னேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்ல மாட்டேங்கண்ணா. அபின்ல இருந்து வர்ற மருந்துதான் இது. ஆனா அளவாக் குடுத்தா வலிய மட்டும் குறைக்குமுங்க. நாங்க கூடவே இருந்து பாத்துக்குவோம்."

"அப்ப எனக்கு வேண்டாமுங்க. எனக்கு இருக்கறது ஒரு புள்ளை."

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும் சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ற சாமி வேற, உங்க சாமி வேறங்க்கா. உங்க சத்தியத்தை மீறுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா அடுத்த வாரம் மறுபடி வாரேன்" என்றார். மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்ற வீட்டில் அதைச் சும்மா விட்டுவைக்கக் கூடாதாம்.

கஞ்சியில் கலந்து கொடுத்துவிடு, அவருக்கா தெரியப்போகிறது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவருக்குத் தெரியாது, சரி. கருப்பனுக்குத் தெரியாதா? என் பிள்ளை ஆயிற்றே! அவர் அந்தப் பக்கம் அலறுகிறார், இவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் பயம்தான். அவரைவிட எனக்குத்தான் அதிகப் பயம்.

விடிந்ததும் அவருக்குக் கஞ்சி ஊட்டி, கோகிலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினேன். பூசாரி மாமாவிடம் பூக் கேட்கச் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், கருப்பன் கல்லின் தலையில் அரளிப்பூவை வைப்போம். வலப்பக்கம் விழுந்தால் சரி என்கிறான், இடப்பக்கம் விழுந்தால் கூடாது என்கிறான். மாமா பூவை வைத்தார். அந்த மருந்தை என் வீட்டுக்காரர் சாப்பிடலாமா, சொல்லு சாமி என்று கேட்டோம்.

பூ விழவே இல்லை. மேகம் இறங்கி வந்து வேல், அரிவாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடியும் விலகியது. காற்று அடித்தது. வேப்பிலை உதிர்ந்தது. அந்தப் பூ மட்டும் ஒட்டவைத்தது போல அப்படியே இருந்தது. உச்சிப்பொழுது ஆகிவிட்டது.

"கருப்பன் வாயத் தொறக்க மாட்டேங்கறான் கண்ணு. அடுத்த அமாவாசைக்கு வா, பாக்கலாம்" என்றார் மாமா.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லுக்கு எதிரே போய் நின்றேன்.

"அமாவாசைக்கா? அதுவரைக்கும் என்ற ஊட்டுல வந்து படுத்து அந்த மனுசன் கத்தறதை நீ கேக்கறயா? உனக்குக் கெடா வெட்டுனது அந்தக் கைதான? அவரு உசுரைக் கேட்டேன், குடுக்கல. வார்டுல யாருக்கோ குடுத்தே, எனக்குக் குடுக்கல. போவட்டும்! இப்ப நான் உசுரைக் கேக்கல. ஆளைக் கேக்கறேன். பெத்த மகளை மகன்னு பாத்து அவரு பேசற ஒரு நாளைக் கேக்கறேன். சத்தியம் உனக்கு வேணுமா? வெச்சுக்க. அதை என்ற தலையில போடு. கோகிலா தலையில இருந்து கையை எடு. அடிக்கோணும்னா என்னை அடி!"

பூ விழுந்தது. வலப்பக்கம்.

காற்று என்று சொல்வீர்கள். காலையிலிருந்து காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. மருந்து சாப்பிடலாமா என்று கேட்டபோது வாயைத் திறக்காதவன், சத்தியத்தை என்மேல் போடு என்றதும் சரி என்றான். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பூசாரி மாமா மணியை அடித்துக்கொண்டே நின்றார். கயிற்றை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி இந்தக் கோயிலில் அவர் பார்த்ததே கிடையாதாம்.

"நல்லா ரோசன பண்ணிக்க கண்ணு. நாளைக்கு இதே நோவு உனக்கு வந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"அப்ப மறுபடி வந்து சண்டை போட்டுக்கறேனுங்க மாமா" என்றேன்.

முழங்கால் வலியோடு மாமா என்கூடவே நடந்து வந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தார். இவர் விடவில்லை, கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "வேண்டாமுங்க மாமா, புள்ளைக்கு எதாச்சும் ஆயிருமுங்க" என்று கெஞ்சினார்.

"நீ சத்தியம் பண்ணுனப்ப பக்கத்துல நின்னவன் நானுடா. இன்னைக்குக் கருப்பன் பேசுனப்பவும் பக்கத்துல நின்னவன் நானு. உன்ற மக தலையில இப்ப ஒன்னும் இல்ல மாப்ளே. விடு" என்றார் மாமா.

முடிச்சு இறுகிப்போய் இருந்தது. மாமா பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். அந்தக் கயிறு இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருந்தது. அவிழ்த்த கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார். என் வீட்டுக்காரர் என் கையையே பார்த்தார். பிள்ளை மாதிரி விசும்பினார்.

போன் போட்டதும் சிஸ்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சின்ன அளவில் ஆரம்பித்தார். எந்தெந்த நேரத்துக்குக் கொடுக்கவேண்டும், மலச்சிக்கல் வராமல் இருக்க எது, வாந்திக்கு எது என்று கோகிலாவுக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்தார். முதல் மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கினார், தூங்கினார், அப்படித் தூங்கினார். பயந்துபோய்ச் சிஸ்டருக்குப் போன் போட்டேன். எட்டிப் பார்த்தவர்கள், போதை ஏறிப் போச்சு என்று காதுபடவே சொன்னார்கள். அவர் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று, பாக்கித் தூக்கத்தையெல்லாம் இப்போது தூங்குகிறார், மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டர் போனில் சொன்னார்.

அதே நேரம் பார்த்துக் கோகிலாவுக்கு உடம்பு சுட்டது. சாதாரணமாக அவளுக்குக் காய்ச்சல் வருவதே அபூர்வம். பாயில் சுருண்டு படுத்துக்கொண்டு நடுங்குகிறாள். என் வீட்டுக்காரர் விழித்துப் பார்த்தார், அவள் கிடப்பதைக் கண்டார். அடுத்த மாத்திரையை நான் நீட்டியபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "பாத்தயா? நான் சொன்னேன்ல?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் கயிறு கட்டிய கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இங்க பாருங்க. கணக்கு இப்ப எனக்கும் கருப்பனுக்கும். அவளுக்கு வந்தது மழைக் காச்சல். கருப்பன் ஒரு தடவை சொன்னான்னா மாத்திப் பேச மாட்டான். நீங்க வாயத் தொறங்க" என்றேன். கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் திறந்தார்.

சிஸ்டர் கொடுத்திருந்த காய்ச்சல் மாத்திரையிலேயே கோகிலாவுக்கு விட்டுவிட்டது. அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்த சாயங்காலம் இவரும் எழுந்து உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். சாமைச் சோறும் மோரும் கேட்டார். நான் அடுப்படியில் நின்று, அழுதுகொண்டே பிசைந்தேன். கண்ணில் போதை இருக்கிறதா என்று குடிகாரன் பொண்டாட்டிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவர் கண் தெளிவாக இருந்தது. வலி இருந்தபோதுதான் அவர் குடிகாரன் மாதிரி இருந்தார். மருந்து உள்ளே போனபிறகு நிதானமாக இருந்தார்.

"கண்ணு, இங்க வா" என்று மகளைக் கூப்பிட்டார். "நான் ஒருநா குடிச்சுப்போட்டு வந்து உன்ற சிலேட்டு, புஸ்தகம் எல்லாத்தையும் கெணத்துல வீசுனேன். நெனப்பிருக்குதா?"

"இல்லீங்கப்பா."

"பொய் சொல்லாத சாமி."

"இருக்குதுங்கப்பா" என்று அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், இருமல் வந்து நிறுத்தினார். அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒரு நாள் கொடு என்று நான் கேட்டேன். கருப்பன் கொடுத்தது ஒரு நாள் அல்ல. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று பருவம் ஒன்றையே கொடுத்தான்.

நோய் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். அது தன்பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தது. கால் இரண்டும் விழுந்துவிட்டன. முதுகில் புண் வந்தது. அதைக் கழுவவும், புரட்டிப் படுக்கவைக்கவும் சிஸ்டர் எனக்குப் பழக்கினார். மருந்தின் அளவு ஏற ஏற, தூக்கமும் கூடியது. விழித்திருக்கிற நேரத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மிளகில் காம்பு பொறுக்கிக் கொடுப்பார். கடைசியில் விரலும் வரவில்லை. கார்த்திகையில், மழை வெறித்த ஒரு காலையில், எங்கள் வீட்டிலேயே, மகள் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருக்க அடங்கினார். அலறவில்லை. முதல்நாள்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பங்குனியில் அவள் பரீட்சை எழுதினாள். நல்லபடியாக இருக்கிறாள், இதோ உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு இப்போதும் கோபம் உண்டு. அந்த ராசிபுரத்து அம்மாவுக்குக் கொடுத்ததை எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கல்லுக்கு முன்னால் நின்று கேட்காத அமாவாசை இல்லை. அவன் பதில் சொல்வதில்லை. ஆனால் அந்த மாத்திரை பொய்யில்லை. அந்த அம்மா நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இருமல் விடாவிட்டால், முதுகு பிடித்தபடியே இருந்தால் என்னைப் போல எண்ணெய் காய்ச்சிக்கொண்டு இருக்காமல் கீழே போய்க் காட்டுங்கள். உங்கள் கட்டிக்கு அது பொருந்தலாம். பொருந்தாவிட்டாலும் வலிக்கு மருந்து இருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்போது நான் ஸ்டெல்லா சிஸ்டர்கூட வீடு வீடாகப் போகிறேன். மலையில் எந்தச் சந்துக்குள் யார் வலியோடு கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் இதே மலையில் குண்டனி நாட்டில் ஒரு வீடு. அந்த அண்ணனும் நம் கோயிலில் கயிறு கட்டியவர், வயிற்றில் கட்டி. மாத்திரை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் கையைக் காட்டி இதே கதையைச் சொன்னேன். அவர் சம்சாரம்தான் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க்கா, இன்னொரு கயித்துக்கு இடம் இருக்குதுங்களா?" என்று கேட்டது.

பூசாரி மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூக் கேட்டோம். இந்தத் தடவை கருப்பன் காக்கவைக்கவில்லை. அதனால்தான் என் கையில் இப்போது இரண்டு கயிறு இருக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பனுக்குக் கோபம் இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் எடுத்திருப்பான். உங்கள் வீட்டில் யாராவது சத்தியத்துக்குப் பயந்து துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தால், என்னைக் கூப்பிடுங்கள். முழங்கை வரைக்கும் இடம் இருக்கிறது.